கோட்டுக்கு அந்தப் பக்கம்: வடசென்னையும் கட்டடக்கலை மாணவர்களின் தாள்களும்

1

கவிதை, நாவல் மட்டுமே பிரதி என்ற நம்பிக்கையிலிருந்து நாம் வெளியேறி நெடுநாளாயிற்று. சினிமா போஸ்டரை வாசித்தோம், பாடநூலை வாசித்தோம், அரசு ஆணையைக்கூட வாசித்தோம். ஆனால் கட்டடக்கலை மாணவர் ஒருவர் ஐந்தாண்டுப் படிப்பின் முடிவில் போட்டுக் கொடுக்கும் தாளை நம் விமர்சனம் அதிகம் தொட்டதில்லை. அது தொழில்நுட்பம், அதில் நமக்கென்ன வேலை என்ற நினைப்பு. ஒரு கூட்டம் மனிதர்களை இன்னொரு கூட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கோடுகளால் எழுதிக்காட்டும் எதுவும் பிரதிதான். வாசிக்கப்பட வேண்டியதுதான்.

சென்னைக் கட்டடக்கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஆவணப்படுத்துவதற்கென்று வருகிறார்கள். கூடவே மூன்று சொற்களும் வருகின்றன: சமூகம், கலை, சமூகநீதி. இவர்களது அக்கறை போலி என்று சொல்ல நான் வரவில்லை. வெயிலில் நாடா பிடித்து அளக்கிறார்கள். இரவெல்லாம் கண் விழித்து வரைகிறார்கள். என் கேள்வி அக்கறையைப் பற்றியதல்ல, அந்த அக்கறை எந்த வடிவத்தில் தாளில் இறங்குகிறது என்பதைப் பற்றியது.

நான் பார்த்த தாள்களில் ஓர் இலக்கணம் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தாளில் செயற்கைக்கோள் படம், அதன்மேல் ஒரு சிவப்பு வட்டம்: 'சைட்'. இரண்டாவதில் 'பிரச்சினைகள்': நெரிசல், குப்பை, போதை, வேலையின்மை, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. மூன்றாவதில் மக்கள். கூடை தூக்கிய பெண், வலை பின்னும் கிழவர், ஓடும் சிறுவன் என முகமில்லாத கறுப்பு நிழலுருவங்கள். கடைசித் தாளில் அதே கூடைக்காரி ஒரு புதிய கூரையின் கீழே நிற்கிறாள், சிறுவன் கையில் பட்டம் முளைத்திருக்கிறது. குப்பை போய்விட்டது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் போய்விட்டது. வானம் சுத்த நீலம்.

மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று படம் போடும் விளம்பரத்தின் இலக்கணம் இது. இதில் பிரச்சினை என்பது மக்களிடம் இருப்பது, தீர்வு என்பது வரைபவரிடம் இருப்பது. புகைபோக்கி முதல் தாளில் 'பின்னணி'யாக இருந்தது, கடைசித் தாளில் அழகு கருதி நீக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் அது பிரச்சினைகளின் பட்டியலில் சேரவில்லை. வடசென்னையை வடசென்னை ஆக்கிய காரணம் எதுவோ அது மட்டும் தாளில் இல்லை.

2

'கம்யூனிட்டி' என்பதை மாணவர்கள் சமூகம் என்று தமிழாக்குகிறார்கள். தெருவில் ஒருவரைப் பார்த்து 'நீங்க எந்தச் சமூகம்?' என்று கேட்டால் என்ன பொருள் என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவதை நாம் ஒளிவுமறைவில்லாமல் சாதிச் சான்றிதழ் என்கிறோம். சொல் இங்கே படிப்பாளியைவிட நேர்மையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கதகதப்பு, எல்லோரும் ஒரு குடும்பம் என்கிற தொனி, தமிழில் இறங்கும்போது கரைந்துவிடுகிறது.

ஆகவே 'நாங்கள் சமூகத்தோடு கலந்து பேசினோம்' என்று ஒரு தாள் சொல்லும்போது, யாரோடு என்று கேட்டாக வேண்டும். குப்பம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து. பஞ்சாயத்து என்றால் பெரும்பாலும் ஆண்கள், கடலுக்குப் போகும் படகு உள்ளவர்கள். ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாய் விற்கிற பெண்களுக்கு அங்கே என்ன குரல்? எண்ணூர்க் கழியில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களை எந்தக் கூட்டத்துக்கு அழைத்தார்கள்? ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாகப் போகிற தலித் இளைஞர்கள் 'மீனவ சமூகம்' என்ற தலைப்பின் கீழ் எந்த இடத்தில் வருகிறார்கள்? வடஇந்தியாவிலிருந்து வந்து ஒரே அறையில் பத்துப் பேராய்த் தங்கியிருப்பவர்கள்?

வடசென்னையைக் குப்பமாக மட்டும் பார்ப்பதும் ஓர் அழகியல் தேர்வுதான். கட்டுமரமும் வலையும் படத்தில் நன்றாக வரும், ஒப்பந்தக் கூலியின் அடையாள அட்டை வராது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது இந்த வடக்கின் பெரம்பூர் ஆலைப் பகுதியில்தான். அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்ஆர்எஃப்பும் விம்கோவும் இந்தப் பட்டையில்தான் வளர்ந்தன. இங்கே வீடு என்பது தொழிற்சாலைச் சங்கின் நேரத்தை ஒட்டி அமைந்த ஒன்று. மாறிமாறி ஷிப்ட் போகிறவர்கள் ஒரே பாயில் முறைவைத்துத் தூங்கினால், அந்த அறையின் தளப்படத்தை எப்படி வரைவது? தளப்படம் இடத்தைக் காட்டும், முறையைக் காட்டாது. பழவேற்காட்டு ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று வகுத்திருக்கும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். பங்கும் பாடுதான், படுகிற துன்பமும் பாடுதான். நாளுக்கு நாள் கைமாறுகிற அந்த உரிமை, மேலிருந்து பார்க்கும் படத்தில் வெறும் தண்ணீராகத் தெரியும்.

திட்டமிடுகிறவர் மனத்தில் கருதிக்கொள்ளும் வெளி ஒன்று, மனிதர்கள் வாழ்ந்து உண்டாக்கும் வெளி வேறொன்று என்று ஹென்றி லெஃபெவ்ர் 1974இல் எழுதினார். அதை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த தாளிலேயே வலை காயும் மணலுக்குப் 'பயன்படுத்தப்படாத திறந்தவெளி' என்று பச்சை அடிப்பது நடக்கிறது. இது தனி மாணவரின் அறியாமை இல்லை. அந்தப் பச்சை நிறம் அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது.

3

வரைந்த கோடு எப்படி ஊரைத் தின்னும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். ராயபுரம் போதும்.

1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. அந்த நிலையத்தின் தூண்களை மாணவர்கள் ஆசையோடு அளந்து வரைகிறார்கள். பாரம்பரியக் கட்டடம், வரைய வேண்டியதுதான். ஆனால் ராயபுரத்தை இன்றைய ராயபுரமாகச் செதுக்கிய கட்டுமானம் அது அல்ல. 1870களில் தொடங்கிக் கடலுக்குள் நீட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் கற்கரங்கள்தான் அந்தக் கட்டுமானம். இந்தக் கரையோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகத்தின் கரம் அதை மறித்தது. மணல் தெற்கே குவிந்தது, வடக்கே வராமல் போனது. தெற்கே குவிந்ததற்கு மெரினா என்று பெயர். 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரம் உலாவும் பாதை போட்டார். வடக்கே கடல் ஊருக்குள் ஏறியது. அங்கே கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது, அங்கேயும் கல் கொட்டினார்கள்.

மெரினாவின் அகலமும் ராயபுரத்துக்கு வடக்கே கரை இல்லாமல் போனதும் ஒரே வரைபடத்தின் இரு பக்கங்கள். மெரினாவைப் 'பொதுவெளி' என்ற தலைப்பிலும் திருவொற்றியூரைப் 'பேரிடர்ப் பகுதி' என்ற தலைப்பிலும் வெவ்வேறு பருவத்தில் படிக்கிற பாடத்திட்டம் இந்த உறவை வெட்டிவிடுகிறது. தெற்குக்குக் கிடைத்ததும் வடக்கு இழந்ததும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லாமல் வடக்கில் போய் ஒரு நிழற்கூரை போடுவதற்குச் சமூகநீதி என்று பெயர் வைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வடசென்னைக் கரையிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களில் பலவற்றைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் குடிசைகளில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மழையில் அந்தக் குடிசைகள் தண்ணீரில் நின்றன. நீர் நிற்கும் தாழ்நிலம் அது என்பதை ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். இடம் தேர்ந்தவர்களுக்கு அது ஒரு காலி மனை. தாளில் காலியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

4

தாளில் காலியாகத் தெரிவது என்றதும் எண்ணூருக்குப் போயாக வேண்டும்.

கொசஸ்தலையாறு கடலோடு சேரும் அந்தக் கழியும் அதைச் சுற்றிய சேற்றுநிலமும் உப்பளமும் அலையாத்தியும் 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடத்தில் இருக்கின்றன. சுமார் 6,469 ஹெக்டேர், எதுவும் கட்டக்கூடாத முதல் வகை. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டபோது அதிகாரிகள் கொடுத்த வரைபடத்தில் கழி இல்லை. 2017இல் இந்த விவரம் பரவலாக வெளியே வந்தது. நிலத்தில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, தாளில் தண்ணீர் இல்லை. துறைமுகத்துக்கும் சாம்பல் குழாய்க்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் கிடைப்பதற்கு முன்னால் கழி தாளிலிருந்து போக வேண்டியிருந்தது. மண்ணைக் கொட்டி நிரப்புவது அடுத்த கட்ட வேலை. ஒரு வரைபடக்காரரின் மேசையில் நடந்த முதல் வேலைக்குச் சத்தம் கிடையாது.

இங்கேதான் 'புறம்போக்கு' என்ற சொல் வருகிறது. தமிழ் படித்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆர்வம். வருவாய்த்துறைக் கணக்கில் இது வரி விதிப்புக்குப் புறத்தே நின்ற நிலம்: ஏரி, குளம், மேய்ச்சல், வண்டிப்பாதை, சுடுகாடு, கழிவெளி. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் பயன்பட்டது. வரி தராத நிலத்தை மதிக்கத் தெரியாத கணக்குப் புத்தகத்தின் பார்வை மெல்ல நம் நாக்கிலும் ஏறி, இன்று அது மனிதரைத் திட்டும் வசவு. நிலத்தின் பெயர் ஆளின் மேல் விழுந்துவிட்டது.

2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இந்தச் சொல்லைத்தான் கையில் எடுத்தது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய அந்தக் காணொளியைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். கர்நாடக இசை மேடையின் குரல் வந்து பாடினால்தான் எண்ணூர் கேட்கப்படுமா என்பது நியாயமான கேள்வி. கானாவும் சட்டிமேளமும் இங்கேயே இருந்தன, இருக்கின்றன. அதே சமயம் அந்தப் பாடல் எண்ணூருக்கு ஆறுதல் சொல்லவில்லை, எண்ணூரை அழகாக்கவும் இல்லை. ஒரு வசவுச் சொல்லின் கணக்கை அது நேர் செய்தது. புகைபோக்கியை நீக்காமல் படத்தின் நடுவே வைத்தது. பக்கத்திலேயே 1996 வரைபடத்தை வைத்துக்கொண்டு 'இது எங்கே போச்சு?' என்று கேட்ட மீனவர்களின் போராட்டத்தோடு இணைந்து நின்றது. கலை அங்கே சான்றின் பக்கத்தில் நின்றது. நான் தாள்களில் தேடுவதும் அந்த நிலையைத்தான்.

பாடல் வந்த அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் நின்றவர்கள் வாளியால் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கழிக்குள் வந்தது. மறுபடியும் கையும் குவளையும்தான். அந்த மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து ஜனங்கள் ஓடினார்கள். எந்தச் சந்து வழியாக ஓடினார்கள், எது முட்டுச்சந்து, கிழவிகளை எந்த வண்டியில் ஏற்றினார்கள்? இதை ஒரு தாளில் வரைவதற்குக் கட்டடக்கலை மாணவரைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? ஆனால் 'தப்பியோடும் வழிகள்' என்பது பரிசு வாங்கும் தலைப்பாக இல்லை. 'கடலோர நினைவுகளின் அருங்காட்சியகம்' என்பது பரிசு வாங்கும்.

5

கலை என்றால் சுவரோவியம் என்று ஒரு பழக்கம் சில வருடங்களாக ஊறிப்போயிருக்கிறது. இதற்குச் சென்னையில் பேசப்படும் மாதிரி நகரின் மறுமுனையில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர். நகருக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காக 2000த்தில் எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை மாநகராட்சியோடு சேர்ந்து அதன் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களைத் தீட்டி, கலை வட்டாரம் என்று பெயரிட்டது.

ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிற நகரத்தில், அந்தப் பெயரைக் கேட்டு ஒருவர் 'ஓ, அந்த ஓவியங்களா?' என்றால் அது சின்ன விஷயமில்லை. அவமானத்தின் எடை கொஞ்சம் குறைகிறது. ஓவியம் வீண் என்று சொல்கிறவர்கள் அந்த அவமானத்தைச் சுமக்காதவர்கள். ஆனால் சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. வெளிப்பக்கம் சாலையில் போகிறவருக்கு. உள்பக்கம் குடியிருப்பவருக்கு. பிழைப்பிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்டவர்களின் கேள்வி உள்பக்கத்தில் இருக்கிறது. வெளிப்பக்கத்து வண்ணம் அந்தக் கேள்விக்குப் பதிலாகக் காட்டப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெயர்த்தது தவறா என்ற விவாதம், சுவர் அழகா என்ற விவாதமாக மாறிவிடுகிறது.

எண்ணூரில் 2023 வெள்ளம் வடிந்தபின் கழியை ஒட்டிய வீடுகளின் சுவர்களில் எண்ணெய் ஒரு கறுப்புப் பட்டையாகப் படிந்து நின்றது. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எதைச் சுமந்து ஏறியது என்று சுவரே எழுதி வைத்த கணக்கு அது. அந்தச் சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன்னால் அந்தப் பட்டையின் உயரத்தை வீடு வீடாக அளந்து வைக்க வேண்டாமா? நிவாரணம் கேட்டுப் போகிற இடத்தில் அதிகாரி கேட்பது அந்த அளவைத்தான். அளந்து வைப்பதும் கலையின் வேலையே. இருப்பதைத் திரும்பிப் பார்க்கவைப்பதுதான் கலை என்றால், அந்தப் பட்டையைச் சரியான அளவில் வரைந்த ஒரு தாள் எந்தச் சுவரோவியத்துக்கும் குறைந்ததில்லை.

கருவி யார் கையில் என்பதும் இங்கே வருகிறது. புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார் வடசென்னைச் சிறுவர்களுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் தங்கள் தெருவை, தாயை, வேலையை எடுத்த படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் படங்களில் ஆட்களுக்கு முகம் இருக்கிறது. காரணம் எளிது: எடுப்பவருக்கு அவர்களின் பெயர் தெரியும். கட்டடக்கலைத் தாளின் கறுப்பு நிழலுருவம் இதற்கு நேர் எதிர். அது எந்த ஊர்த் தாளிலும் வெட்டி ஒட்டத்தக்கது.

6

இந்தக் கேள்விகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக விவரித்தார். கீழ்ப்படிகளில் மக்களைத் தந்திரமாக இணங்கவைப்பது, நடுப்படிகளில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், உச்சியில் மக்களே முடிவெடுப்பது. நடுப்படிகளை அவர் ஒப்புக்குச் செய்பவை என்றார். நம் மாணவர் கேள்வித்தாளோடு வந்து ஐம்பது பேரிடம் 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டுப் போவது எந்தப் படி என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்குக் குப்பத்தில் ஒரு சுருக்கமான விமர்சனம் வைத்திருக்கிறார்கள்: 'வந்தாங்க, அளந்தாங்க, போட்டோ புடிச்சாங்க, போய்ட்டாங்க.' ஏணியைப் பற்றிய கோட்பாடு இவ்வளவு சிக்கனமாக எழுதப்பட்டு நான் படித்ததில்லை.

அமெரிக்காவின் அலபாமாவில், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பிரிவு 1993இல் சாமுவேல் மாக்பியும் டி.கே. ரூத்தும் தொடங்கிய கிராமியக் கலைக்கூடத்தை இன்றும் நடத்திவருகிறது. ஹேல் கவுண்டி என்ற ஏழை, கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் மாவட்டத்தில் மாணவர்கள் தங்கி, வீடும் பொதுக்கட்டடமும் தங்கள் கையாலேயே கட்டுகிறார்கள். அதன்மேலும் விமர்சனம் உண்டு: வறுமை மாணவருக்குப் பரிசோதனைக் களமாகிறது, வெள்ளையரின் கருணை கட்டடமாகிறது என்று. விமர்சனம் இருக்கட்டும். அங்கே ஒன்று நடந்திருக்கிறது. பள்ளிக்கூடமே ஊருக்குள் போய் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. மாணவர் மாறுகிறார், நிறுவனம் மாறுவதில்லை. ஒழுகும் கூரைக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

நம் ஊரில் பருவம் ஐந்து மாதம். இந்தப் பருவம் காசிமேடு, அடுத்த பருவம் ஏதோ ஒரு கோவில் நகரம். மாணவர் போன பின் கல்லூரி அந்தக் குப்பத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்வதில்லை. தொடர்ச்சி இல்லாத இடத்தில் பொறுப்பு இல்லை, பொறுப்பு இல்லாத இடத்தில் நல்லெண்ணம் மட்டும் மிஞ்சும். படிப்பை முடித்துக் கடனோடு வெளியே வருகிறவர் ஏதோ ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணினி முன் உட்கார்ந்து, யாரோ காலி மனை என்று சொன்ன இடத்தின்மேல் கோடு போடுகிறார். அது கழியாக இருந்ததா என்று கேட்க அவருக்குச் சம்பளமில்லை.

காசிமேட்டிலிருந்தோ எர்ணாவூரிலிருந்தோ ஒரு பெண் இந்தப் படிப்புக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தன் வீடு இருக்கும் தெருவை 'முறைசாராக் குடியிருப்பு' என்று அவள் தன் கையாலேயே எழுத வேண்டும். அவளது அம்மா மீன் காயப்போடும் இடத்துக்குப் பச்சை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் தாள் முழுமையில்லை என்று மதிப்பெண் குறையும். சமூகநீதி என்ற தலைப்பில் நடக்கும் வகுப்பிலேயே இது நடக்கலாம்.

7

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் ஒரு பகுதி இருக்கிறது. மீனவ கிராமங்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், படகுத்துறை, ஐஸ் ஆலை, மீன் உலர்த்தும் தளம், பள்ளி, பாதை எல்லாவற்றையும் சர்வே எண் தெரியும் அளவுள்ள வரைபடத்தில் குறிக்க வேண்டும், மீனவரின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. 2019இல் புதிய அறிவிக்கை வந்தது. 2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் புதிய வரைபடங்களின் மீது கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது மீனவர்கள் எழுந்து கேட்டது இதைத்தான்: எங்கள் ஊர் எங்கே, வலை காயும் இடம் எங்கே, வீட்டுத் திட்டம் எங்கே?

ஆக, சட்டம் ஒரு வரைபடத்தைக் கேட்கிறது. அந்த வரைபடம் வரையப்படவில்லை. அதை வரையும் பயிற்சி பெற்றவர்கள் வருடாவருடம் அதே குப்பத்துக்கு வந்து அருங்காட்சியகம் வரைந்துவிட்டுப் போகிறார்கள். இந்த முரணைவிடப் பெரிய தீசிஸ் தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

படிப்பாளிகள் வராத இடத்தில் மீனவரே வரைந்திருக்கிறார்கள். தென்சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் கே. சரவணன் ஜிபிஎஸ் கருவியோடு கடலோரக் கிராமங்களில் நடந்து, படகு நிறுத்துமிடம், வலை காயுமிடம், கருவாடு போடுமிடம் எனப் பொதுநிலங்களை வரைபடமாக்கினார். அரசு வரைபடத்தை மறுக்க இன்னொரு வரைபடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோட்டை எதிர்த்து வெறும் குரல் கொடுத்தால் 'உணர்ச்சிவசப்படாதீங்க' என்பார்கள். கோட்டை எதிர்த்துக் கோடு வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது கனமானது. அளந்து வரைவது ஆபத்தில்லாத வேலை அல்ல. எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை, எது ஆற்றோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று துல்லியமாகக் காட்டும் தாள், அப்புறப்படுத்த வருகிறவர் கைக்குப் போனால் அவருடைய வேலை சுலபமாகும். அறிவு அதிகாரத்தின் கண் என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் சொல்வார்கள். கணக்கெடுப்பு வந்தாலே கதவைச் சாத்திக்கொள்ளும் தெருக்களுக்கு ஃபூக்கோ தேவைப்படவில்லை. ஆகவே வரைவதா வேண்டாமா என்பது தனியாக நிற்கிற கேள்வியல்ல. எதை வரைவது, எதை வரையாமல் விடுவது என்று முடிவு செய்வது யார், வரைந்தது யாரிடம் இருக்கும் என்பதோடு சேர்ந்த கேள்வி அது. வேண்டாம் என்று ஊர் சொன்னால் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும். பேசி முடிவெடுத்த காலியிடத்துக்கும் கவனிக்காமல் விட்ட காலியிடத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நடைமுறையில் சில சின்ன விஷயங்கள் இதிலிருந்து கிளம்புகின்றன. தாள் தமிழிலும் இருக்க வேண்டும். ஒரு குப்பத்தைப் பற்றிய எல்லாத் தாள்களும் குப்பத்துக்காரர் வாசிக்க முடியாத மொழியில் இருப்பது தற்செயல் இல்லை. இடங்களுக்கு ஊரார் வைத்த பெயரே இருக்க வேண்டும். நீரோட்டத்துக்கே வன்னி, தெண்டி என்று பெயர் வைத்திருக்கிறவர்களின் இடத்தை 'ஜோன் ஏ', 'ஜோன் பி' என்று எழுதுவது வறுமை. பஞ்சாயத்தாரிடம் மட்டும் கேட்டுவிட்டுச் சமூகம் என்று எழுதக்கூடாது. மீன்காரப் பெண்களிடமும், கழியில் இறங்குகிற இருளரிடமும், ஒப்பந்தக் கூலியிடமும் தனித்தனியே போக வேண்டும், முரண்பட்டால் முரணையும் வரைய வேண்டும். கல்லூரி ஒரே குப்பத்தோடு பத்து வருடமாவது இருக்க வேண்டும், முதல் வருடத் தாளை இரண்டாம் வருட மாணவர் திருத்த வேண்டும். புகைபோக்கியைத் தாளிலிருந்து நீக்கக்கூடாது.

இறுதி மதிப்பீட்டு நாளில் ஜூரி நிறையக் கேட்கிறது. காற்றோட்டம் எப்படி, படிக்கட்டு அகலம் போதுமா, கருத்தாக்கம் என்ன. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தத் தாளின் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது? காட்டுக்குப்பத்திலோ தாழங்குப்பத்திலோ பஞ்சாயத்து அலமாரியில் இருக்கிறது, போன மாதம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன மனுவோடு அதை இணைத்தார்கள், அதில் இரண்டு அளவு தவறு என்று ஒரு மீன்காரம்மா திருத்திக் கொடுத்தார் என்று ஒரு மாணவர் பதில் சொல்ல முடிந்தால், அங்கே சமூகம், கலை, சமூகநீதி என்கிற மூன்று சொற்களையும் உச்சரிக்க வேண்டிய தேவையே வராது. அந்தப் பதில் வராதவரை, கல்லூரிப் பரணில் சுருட்டி வைத்த நீலவானங்களின் எண்ணிக்கைதான் கூடிக்கொண்டிருக்கும்.